ஊருக்கு ஆடாதவன்

அந்தப் போனை அணைச்சிருங்க தம்பி. இல்லாட்டி சத்தத்தையாவது குறைச்சு வைங்க. பஸ்ஸுல உக்காந்து பாக்குறதுக்கு உலகத்துல வேற எதுவுமே கிடைக்கலையா உங்களுக்கு? கபடியாம் கபடி. பாயை விரிச்சு, ஷூ மாட்டிக்கிட்டு, ஏசிக்குள்ள ஆடுறதெல்லாம் கபடியா? கீழ விழுந்தா தட்டிவிட்டு எந்திரிக்க உடம்புல மண்ணு கூட ஒட்டாது.

கோவிச்சுக்காதீங்க. எனக்கு அந்த லீக்கைப் பாத்தாலே வயிறு எரியும். ஏன்னு கேக்குறீங்களா? கேட்டுட்டீங்கள்ல, அப்ப போனை உள்ள வைங்க. பட்டுக்கோட்டை இப்பத்தான் தாண்டுது. தஞ்சாவூர் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

மதியழகன்னு ஒருத்தன் அதுல ஆடுனான், ஞாபகம் இருக்கா? ரெண்டு சீசன் ஆடுனான். ஒல்லி, உசரம். கபடி கபடின்னு பாடிக்கிட்டு எதிராளி பக்கம் போறப்ப இடது கையை முதுகுக்குப் பின்னால மடக்கி வச்சுக்குவான். வடக்கத்திக்காரன் ஒருத்தன் டிவியில அவன் பேரை ஒழுங்காச் சொல்லத் தெரியாம "மாத்தி, மாத்தி"ன்னு கத்துவான். ஞாபகம் இல்லையா? இருக்காது. அதான் லீக்கு. ஆனா எங்க கரம்பவயல்ல வந்து நீலமேகம்னு கேட்டுப் பாருங்க. நீலமேகம் நான்தான். நான் பிடிச்ச கணுக்கால் பிடியை இன்னைக்கும் டீக்கடையில உக்காந்து பேசுவாங்க. எங்க ஊர் டீமுக்கு லெஃப்ட் கார்னர், அப்புறம் கேப்டன், இப்ப விழாக் கமிட்டித் தலைவர். எல்லாம் நான்தான்.

அந்த மதியை ஆட்டத்துக்குக் கொண்டாந்ததும் நான்தான். அப்பன் இல்லாத பய. அவங்கம்மா மாரிக்கண்ணு நடவுக்குப் போயிரும், இவன் வரப்புல ஆடு மேய்ப்பான். ஓடுற ஆட்டைத் தொட்டுட்டு, அது திரும்பி முட்டுறதுக்குள்ள பின்னால வந்துருவான். அப்படி ஒரு விளையாட்டு, தானாவே. நான் பாத்தேன். டேய் இவன் ஆடுவாண்டான்னு இழுத்துட்டு வந்து களத்துல விட்டேன். முதல் நாளே என்னைத் தொட்டுட்டுப் போயிட்டான். என்னைய! அன்னைக்கே ஒரு அறை விட்டிருக்கணும். விட்டேன்னுதான் நினைக்கிறேன்.

அப்புறம் என்ன, அவன் கால் நல்ல கால். அதை மறைக்க மாட்டேன். நாலு வருஷம் சுத்துப்பட்டு ஊர்க் கப்பெல்லாம் எங்களுக்குத்தான். அவனை ஒரு டிபார்ட்மெண்ட் டீம்ல எடுத்தாங்க, வேலை போட்டுக் குடுத்தாங்க. அங்கருந்து லீக்குக்காரன் மாட்டை ஏலம் எடுக்குற மாதிரி ஏலத்துல எடுத்துட்டுப் போயிட்டான். ஊரே சேந்து ஃப்ளெக்ஸ் வச்சோம். அவன் படம், பக்கத்துல என் படம். என் படம் கொஞ்சம் பெருசா வந்துருச்சு, அது ஃப்ளெக்ஸ்காரன் செஞ்ச வேலை, நான் சொல்லலை.

டிவியில வந்தான். பேட்டி குடுத்தான். "எங்கம்மாவுக்கு நன்றி"ன்னான். "எங்க கோச்சுக்கு நன்றி"ன்னான். நானும் டிவிக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டே இருக்கேன், இப்பச் சொல்வான், இப்பச் சொல்வான்னு. விளம்பரம் போட்டுட்டாங்க தம்பி. என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ, "உங்க பேரைச் சொல்லலையே"ன்னா. உனக்குத் தேவையான்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ரெண்டாவது சீசன் முடிச்சுட்டு ஊருக்கு வந்தான். முட்டியில கறுப்பா ஒரு உறை மாட்டியிருந்தான். உள்ள சவ்வு லேசாக் கிழிஞ்சிருக்காம், கொஞ்ச நாள் முட்டியைத் திருப்பி ஓடக்கூடாதாம். அது வைகாசி மாசம். எங்க முனியய்யா கோயில் திருவிழா. திருவிழாவுல கபடி இல்லாம ஒரு வருஷம் நடந்ததில்லை. அந்த வருஷம் சேந்தன்திடல்காரன் குதிரை மாதிரி ஓடுற ஒரு பயலை வெளியூர்லருந்து இறக்கியிருக்கான்னு சேதி வந்துச்சு. நான் மதிகிட்டப் போனேன்.

"ஆட முடியாதுண்ணே"ங்குறான். மூஞ்சிக்கு நேரா. "வெளி ஆட்டம் ஆட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆடுனது தெரிஞ்சா டீம்லருந்து தூக்கிருவாங்க. முட்டியும் சரியில்லைண்ணே."

"ஊர் ஆட்டம் வெளி ஆட்டமாடா?"ன்னு கேட்டேன்.

அவங்கம்மா உள்ளருந்து வந்து, "விட்டுருங்க தம்பி, அவனுக்கு இதான் சோறு"ன்னுச்சு. அந்தச் சோத்துக்கு வழி காட்டுனது யாரு? மனசுக்குள்ள இருடா மகனேன்னுதான் வந்தேன்.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் தம்பி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறப்ப ஆட்டக்காரங்க ஏழு பேருக்கும் கையில காப்புக் கட்டுவோம். மஞ்சக் கயிறுதான். ஆனா கட்டிட்டா, திருவிழா முடிஞ்சு பூசாரி அவுக்குற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, ஆட மாட்டேன்னும் சொல்லக்கூடாது. முனியய்யாவுக்கு வாக்குக் குடுத்த மாதிரி. மீறுனா அவனுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போயி, "ஊர்ல உனக்குப் பரிவட்டம் கட்டப் போறோம்டா, வந்துரு"ன்னேன். நல்ல சேதிதானே? அம்மாவைக் கூட்டிக்கிட்டு வெள்ளை வேட்டியெல்லாம் கட்டி வந்தான். தலையில பரிவட்டம் கட்டுனப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாரிக்கண்ணு அக்கா அழுதே போச்சு. அவங்க வகையறாவுக்கு அந்த மரியாதை அதுக்கு முன்னால கிடைச்சதே இல்லை. அந்த நேரம் பாத்து பூசாரி, "கையை நீட்டுப்பா"ன்னாரு. விபூதி குடுக்கப் போறாருன்னு நீட்டுனான். காப்பைக் கட்டிட்டாரு.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. அவன் கையைப் பாத்தான், அப்புறம் என்னைப் பாத்தான். நான் சிரிச்சேன். சிரிக்காம? சாமி முன்னாடி நடந்த நல்ல காரியம்தானே. ஏமாத்துறதுன்னா என்னன்னு எனக்கும் தெரியும் தம்பி, இது அது இல்லை. ஊர் தன்னோட பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் திங்கக்கிழமை லீக்குக்காரன் கேம்ப்புக்குப் போகணுமாம். போகலை. எல்லையில அரசமரத்துக்குக் கீழ நின்னு போன்ல யார்கிட்டயோ இந்தியும் இங்கிலீஷுமா கெஞ்சிக்கிட்டு இருந்தான். நானே பாத்தேன். ரெண்டு அடி எடுத்து வச்சா ரோடு. வைக்கலையே! பயமா பக்தியா தெரியாது. அவங்கம்மா முகத்துக்காக இருந்தாலும் இருக்கும். எப்படியோ, இருந்தான்.

ஆட்டத்தன்னைக்குச் சாயங்காலம் கூட்டம்னா கூட்டம். பனைமரத்துல எல்லாம் ஆளு. சேந்தன்திடலோட எங்களுக்கு ஃபைனல். அந்தக் குதிரைப் பய சும்மா சொல்லக்கூடாது, காத்து மாதிரி வர்றான். ஆனா நான் அதுக்கு முன்னாலயே ஒரு வேலை பண்ணி வச்சிருந்தேன். களத்துக்குத் தூசி அடங்கத் தண்ணி தெளிப்போம்ல? கிழக்குப் பாதிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாத் தெளிக்கச் சொன்னேன். டாஸ் ஜெயிச்சு அந்தப் பக்கத்தை நாங்க கேட்டு வாங்கிக்கிட்டோம். வேகமா வர்றவன் எங்க பாதிக்குள்ள வந்துதானே பாடணும்? வந்தான், வழுக்குனான், அள்ளிக்கிட்டோம். இது ஒண்ணும் தப்பு இல்லை தம்பி, எல்லா ஊர்லயும் செய்யுறதுதான். ஆட்டம்னா மூளையும் வேணும்.

முதல் பாதியில நாங்க ஏழு பாயிண்ட் முன்னால. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறணும்ல. அதுக்குள்ள காஞ்சிரும்னுதான் கணக்கு. வைகாசி வெயில், காயாம என்ன செய்யும்? அன்னைக்குன்னு பாத்து மோடம் போட்டுருச்சு. வெயில் அடிக்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்?

மதி பாடப் போனான். கையைப் பின்னால மடக்கிக்கிட்டு, கோட்டைத் தாண்டி, கடைசி ஆளு வரைக்கும் போயிட்டான். ஒருத்தனைத் தொட்டுட்டு அப்படியே திரும்புனான். உடம்பு திரும்பிருச்சு, கால் திரும்பலை. சேத்துல புதைஞ்ச மாதிரி அங்கயே நின்னுருச்சு. பச்சை மூங்கிலை முறிச்சா ஒரு சத்தம் வருமே, மைக்கையும் மீறி அது கேட்டுச்சு. விழுந்தும் பாட்டை விடலை பய. பாடிக்கிட்டே கையால ஊர்ந்து கோட்டுக்கு வரப் பாத்தான். பாதியில மூச்சு விட்டுருச்சு.

ஆனா ஒண்ணு, எதிராளி ஒருத்தன் கையும் அவன் மேல படலை. இதை எங்க வேணாலும் வந்து சொல்வேன். யாரும் தொடவே இல்லை. அப்படி இருக்க யாரைக் குத்தம் சொல்ல முடியும்?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. கார் ஏற்பாடு பண்ணிட்டோம். ஆனா கையில காப்பு இருக்கே! காப்போட எப்படி எல்லையைத் தாண்டுறது? பூசாரி வந்து முறைப்படி அவுக்கணும். அந்த மனுஷன் பக்கத்து ஊருக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டாரு, எல்லைக் கட்டு ஆட்டக்காரங்களுக்குத்தான், அவருக்கு இல்லையே; தீட்டு வேற. ஆள் விட்டிருக்கோம், குளிச்சிட்டு வரட்டும், கொஞ்சம் பொறுங்கன்னேன். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நான் மட்டும் சொல்லலை. காருக்குள்ள அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கான். நான் விசிறிக்கிட்டுத்தான் இருந்தேன், சும்மா இல்லை. மாரிக்கண்ணு அக்கா பாத்துச்சு, பாத்துச்சு, திடீர்னு அவன் கையைப் பிடிச்சு அந்தக் காப்பைப் பல்லால கடிச்சு அறுத்துருச்சு தம்பி! அறுத்துக் கீழ துப்பிட்டு, டிரைவரைப் பாத்து, "எடுடா வண்டியை"ன்னு ஒரு சத்தம். நடவு வயல்ல நிமிந்து பேசாத பொம்பளை.

சாமி காப்பை எச்சில் பண்ணுன குடும்பத்தை ஊர் எப்படி எடுத்துக்கும், நீங்களே சொல்லுங்க. அந்த ஆட்டத்துல தோத்தோம். அதுக்கப்புறம் இன்னைய வரைக்கும் ஒரு கப்பு எடுக்கலை. மழையும் ஒழுங்கா இல்லை. எல்லாம் அதனாலதான்னு நான் சொல்லலை. ஊர்ல சொல்றாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். போகாம இல்லை, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கான். லீக்குக்காரன் பேரை எடுத்துட்டான், தெரிஞ்ச சேதிதான். நான் ஆறுதலா நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருக்கேன், இவன் மேல விட்டத்தையே பாத்துக்கிட்டு, "கிழக்கால யாருண்ணே தண்ணி விட்டது?"ங்குறான். எப்படி இருக்கும் எனக்கு? நலம் விசாரிக்க வந்தவனை உக்கார வச்சுக் கேக்குற கேள்வியா இது? "மோடம்டா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பழத்தை மட்டும் வச்சுட்டு வந்தேன்.

அவ்வளவுதான். அதோட ஊர்ப் பக்கம் காலே வைக்கலை. அம்மாவையும் கூட்டிட்டுப் போயிட்டான். வீட்டைப் பூட்டுனது பூட்டுனதுதான், கூரையில ஆலஞ்செடி முளைச்சுக் கிடக்கு. திருவிழாப் பத்திரிகை வருஷா வருஷம் அனுப்புறேன். ஒரு பதில்? சாமி முன்னாடி நிறுத்தி வச்சுக் கட்டுன பரிவட்டம் தம்பி! ஒரு மனுஷனுக்கு நன்றின்னு ஒண்ணு வேணாமா?

இப்ப தஞ்சாவூர்ல இருக்கான். பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணுல கபடி சொல்லிக் குடுக்குறான். மாடிப்படி ஏறணும்னா ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சு, கிழவன் மாதிரி ஏறுறான். முப்பத்தி ரெண்டு வயசுதான் ஆகுது. டிவியில வந்தவன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பாக்குறப்ப எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வாயைத் திறந்து "வாங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தைக்கு மேல பேசலை, அப்புறம் எனக்கு என்ன?

எதுக்குப் போய்ப் பாத்தீங்கன்னு கேக்குறீங்களா? அதைச் சொல்ல விட்டுட்டேனே. என் மக அட்சயா அங்கதான் இருக்கா. பதினொண்ணாவது. பள்ளிக்கூட ஆட்டத்துல அவ பாடுறதைப் பாத்துட்டு அவனே வந்து கேட்டு எடுத்துக்கிட்டான். நீலமேகம் பொண்ணுன்னு தெரிஞ்சேதான் எடுத்தான். யோசிச்சுப் பாருங்க, சுத்துப்பட்டுல வேற பிள்ளையே இல்லையா? பழி வாங்குறான் தம்பி. என் பிள்ளையை என்கிட்டருந்து பிரிச்சுக் கொண்டுபோயி, வாரா வாரம் என் பொண்டாட்டிக்குப் போன் பண்ணி, "பாப்பா நல்லாச் சாப்பிடுறா அக்கா, எடை கூடியிருக்கு, கவலைப்படாதீங்க"ன்னு பேசுறான். எனக்குப் பண்ண மாட்டான். அவ ஓடுற ஷூ கூட அவன் குடுத்ததுதான். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா ஒருத்தன் இதையெல்லாம் செய்வான்!

இந்த வருஷம் எங்க கமிட்டியில முதல் முறையாப் பொம்பளப் பிள்ளைங்க ஆட்டம் வச்சிருக்கோம். யோசனை என்னுது. நோட்டீஸ்ல அட்சயா பேரைப் பெருசாப் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காப்பு. என் மக ஊருக்கு ஆடிட்டான்னா மதியழகன் மூஞ்சியில கரியைப் பூசுன மாதிரி. பாருடா, ஊருக்கு ஆடுற பிள்ளை எப்படி இருக்கும் பாருன்னு. அவளுக்கு அடுத்த வாரம் ஸ்டேட் டீம் செலக்‌ஷனாம், அதெல்லாம் அது பாட்டுக்கு இருக்கட்டும். நாலு தரம் பாடிட்டு வர்றதுல செலக்‌ஷன் எங்க ஓடிப் போகுது?

அந்தப் பயலுக்குப் போன் போட்டா எடுக்குறதில்லை. அவளுக்குப் போட்டா, "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்ப்பா"ங்குறா. அப்பன் நானு, கேட்டுச் சொல்றதுக்கு அவன் யாரு? அதான் நேராக் கிளம்பிட்டேன். விட மாட்டேன்னு நின்னா அங்கயே நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறதா இருக்கேன். எல்லாம் மனசுக்குள்ள வரிசையா வச்சிருக்கேன். அப்படியும் மசியலைன்னா, அவ அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துர வேண்டியதுதான். ஊருக்கு வந்து சேந்துட்டா அப்புறம் கோயில்ல பாத்துக்கலாம்.

என்ன தம்பி, அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? காத்து வேணுமா? ஜன்னலைத் திறந்து விடுங்க.

இருங்க, போன் அடிக்குது. அவதான். பாருங்க, அப்பன் வர்றான்னு தெரிஞ்சதும் தானாக் கூப்பிடுறா.

அலோ... ஆமாம்மா, பஸ்ஸுலதான் வந்துக்கிட்டு இருக்கேன், ஒரத்தநாடு எப்பவோ தாண்டியாச்சு, தஞ்சாவூர் வந்துருச்சு. ரெடியா இரு... என்ன? சத்தமாச் சொல்லு... யாரு சொன்னா, அவனா சொல்லச் சொன்னான்? போனை அவன்கிட்ட குடு. குடுன்னா குடு... என்ன சொல்றே?... அப்புறம் ஏன்டி... ஏன்டி வரலைங்குற?... அட்சயா. இங்க பாரு... அட்சயா...

வச்சுட்டா.

இல்லை, சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

அவன் போகச் சொல்லிட்டானாம் தம்பி. காலையிலயே கூப்பிட்டுச் சொன்னானாம். "அப்பா ஆசைப்பட்டு வர்றாரு, ஊர்ல பேர் போட்டுட்டாங்க, போயிட்டு வரணும்னா போயிட்டு வா, உன் இஷ்டம்"னு. பஸ்ஸுக்கு வேற கொண்டுவந்து விடுறேன்னானாம். ஒரு வார்த்தை தடுக்கலையாம். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லையாம், சேந்த நாள்லருந்தே. இவதான் வர மாட்டேங்குறா.

ஏன்டின்னு கேட்டேன்ல, உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல. "எனக்கு என் காலு வேணும்ப்பா"ங்குறா.

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் சமாளிச்சிருப்பேன். கடையில சாமான் வேண்டாம்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்றா. "சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்டுட்டு வச்சுட்டா.

நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது தம்பி. தண்ணி இருந்தா குடுங்க.

கண்டக்டர் விசில் அடிக்கிறாரு, என் ஸ்டாப்புதான். தெரியுது. இறங்கணும். அவன் மறிச்சுக்கிட்டு நிப்பான்னுல்ல வந்தேன். அங்க யாருமே மறிக்கலைங்குறாங்க. நான் இறங்கிப் போயி யார்கிட்டய்யா சண்டை போடுறது?